நண்பன் தந்தாலும் வாடகை வாடகைதான்

ஜெர்மனித் தமிழர்களிடம் ஒரு நம்பிக்கை சட்டத்தைவிடக் கெட்டியாக வேரூன்றியிருக்கிறது. வீட்டில் தங்கும் நண்பர் மாதாமாதம் தரும் பணம் வாடகை ஆகாது, அதற்கு வரியும் கிடையாது, வரி அலுவலகமான ஃபினான்ஸ்அம்டுக்கு அதைப் பற்றி மூச்சுவிட வேண்டியதில்லை என்பதே அது. எண்பதுகளில் அகதியாக வந்து ரூர் பகுதியில் வேரூன்றிய ஈழத்தமிழர் குடும்பங்களும் இதைச் சொல்கின்றன. வேலை அனுமதியான நீல அட்டையோடு மியூனிக்கில் வந்திறங்கிய சென்னைப் பொறியாளரும் இதையே சொல்கிறார். இந்த ஒரு விஷயத்தில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துப் பார்ப்பதே முறை. வீட்டுக்காரர் லாபம் பார்க்கவில்லை. வீடு கிடைக்காமல் திண்டாடும் ஒருவருக்கு அறை கொடுக்கிறார். விளம்பரம் இல்லை, ஒப்பந்தத் தாள் இல்லை, முன்பணம் இல்லை. மின்சாரம், சூடேற்றல், இணையம், அரிசி, பருப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆகும் செலவில் நண்பர் தன் பங்கைப் போடுகிறார். வருமானத்துக்குத்தானே வரி, உதவிக்கு எதற்கு? பெருநகரங்களில் மாணவர்கள் மாதக்கணக்கில் அறை தேடி அலையும் நாட்டில், அறை கொடுப்பவருக்கு அரசு நன்றியல்லவா சொல்ல வேண்டும்?

இந்த வாதத்தில் உண்மையான பகுதியும் உண்டு. ஊரிலிருந்து வந்த நண்பர் மூன்று வாரம் தங்கிவிட்டு மளிகைச் செலவில் கை கொடுத்தால் யாரும் வரிக் கணக்கு எழுத வேண்டாம். ஒரே வாடகை ஒப்பந்தத்தில் நான்கு நண்பர்களும் கையெழுத்திட்டு, ஆளுக்குக் கால் பங்கு போட்டு உரிமையாளருக்கு அனுப்பினால், அவர்களில் யாருக்கும் வாடகை வருமானம் இல்லை. கல்யாணம் ஆகாமல் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் இணையர் இருவரில் ஒருவர் வீட்டுச் செலவுக்குத் தரும் பணமும் வாடகை ஆகாது. இவற்றை யாரும் மறுக்கவில்லை. கோளாறு எங்கே என்றால், இந்த மூன்று சூழல்களுக்குப் பொருந்தும் நியாயத்தை இழுத்துக்கொண்டு வந்து, தனக்கென ஓர் அறை, கையில் ஒரு சாவி, மாதம் பிறந்தால் ஒரு தொகை என்று இரண்டு வருடம் தங்கும் நண்பருக்கும் போர்த்திவிடுகிறார்களே, அங்கேதான்.

1.

யார் பணம் தருகிறார் என்று சட்டம் எங்கே கேட்கிறது? ஜெர்மன் வருமான வரிச் சட்டம் ஏழு வகை வருமானங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று, 21ஆம் பிரிவில் வரும் வாடகை வருமானம். அசையாச் சொத்தையோ அதன் ஒரு பகுதியையோ பிறர் பயன்படுத்தக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பெறுவது எல்லாம் அதில் அடங்கும். நண்பர், அந்நியர், ஒன்றுவிட்ட தம்பி என்ற பாகுபாடு அந்தப் பிரிவில் இல்லை. வாடகைக்கு எடுத்த வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டாலும் இதே பிரிவுதான். தான் சொந்தக்காரர் அல்ல என்பதால் தனக்கு இது பொருந்தாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு.

ஒப்பந்தம் எழுதவில்லை என்பதும் எடுபடாது. ஜெர்மன் குடிமைச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் வாடகை ஒப்பந்தமே. சமையலறையில் நின்றுகொண்டு, “சரிடா, மாசம் நானூறு குடு” என்று வீட்டுக்காரர் சொல்ல, நண்பர் தலையாட்டிய நொடியில் ஒப்பந்தம் உருவாகிவிட்டது.

காசாக வாங்காவிட்டால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு பணத்தையும் பணமதிப்புள்ள பொருளையும் சலுகையையும் சேர்த்தே வரவு என்கிறது. வாடகைக்குப் பதிலாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, வீட்டுக்கு வண்ணம் அடிப்பது என்று ஒத்துக்கொண்டாலும் அது ஈடுதான். ஜெர்மனியின் பல பல்கலைக்கழக நகரங்களில் ‘வோனன் ஃபூர் ஹில்ஃப’ என்ற திட்டம் நடக்கிறது. மாணவர் முதியவர் வீட்டில் தங்கி, அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேரம் வேலை செய்து கொடுப்பார். அறைக்கு உழைப்பையும் விலையாகத் தரலாம் என்பதை அங்கே யாரும் மறைப்பதில்லை. சதுர மீட்டர் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

2.

‘அன்பளிப்பு’ என்று எழுதிவிட்டால் போதுமா? வங்கிப் பரிமாற்றத்தின் விவர வரியில் ‘கெஷெங்க்’ என்று எழுதச் சொல்லும் யோசனை எங்கிருந்து கிளம்பியதோ, நன்றாகப் பரவியிருக்கிறது. உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து பத்தாண்டுக்குள் 20,000 யூரோ வரை வரியில்லாமல் அன்பளிப்பு பெறலாம் என்ற விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் எதையும் ஈடாக வாங்காமல் கொடுப்பதற்குத்தான் அன்பளிப்பு என்று பெயர். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் ஒரே தொகையை ஒருவர் அன்பு மிகுதியால் அனுப்புகிறார், தற்செயலாக அதே வீட்டில் ஓர் அறையில் தூங்குகிறார், அறையைக் காலி செய்த மாதத்தோடு அன்பும் நின்றுவிடுகிறது என்றால் எந்த அதிகாரி நம்புவார்? அறியாமல் விட்டதைத் தெரிந்தே மறைத்ததாக மாற்றிக் காட்டுவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

3.

லண்டன் அண்ணன் சொன்னது ஜெர்மனியில் செல்லாது. இந்த நம்பிக்கையின் பாதி வேர் பிரிட்டனில் இருக்கிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு. அங்கே சொந்தக் குடியிருப்பில் தளவாடங்களோடு ஓர் அறையை வாடகைக்கு விடுபவருக்கு ஆண்டுக்கு 7,500 பவுண்ட் வரை வரியே இல்லை. 2016 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு நடப்பில் உள்ளது. அயர்லாந்தில் இதேபோன்ற சலுகையின் வரம்பு 14,000 யூரோ. குடும்பம் பாதி லண்டனிலும் பாதி டோர்ட்முண்டிலும் இருக்கும்போது, ஒரு நாட்டின் சலுகை இன்னொரு நாட்டின் ‘சட்டமாக’ தொலைபேசி வழியே குடியேறிவிடுகிறது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு பழக்கம்: வாடகையில் முப்பது சதவீதத்தைக் கேள்வி கேட்காமல் கழித்துவிடும் நிரந்தரக் கழிவு. அதுவும் இங்கே இல்லை.

ஜெர்மனியில் இருப்பது என்ன? வருமான வரி வழிகாட்டு விதிகளில் ஒரு சிறு சலுகை. தான் குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக வாடகைக்கோ உள்வாடகைக்கோ விட்டு, ஆண்டு வரவு 520 யூரோவைத் தாண்டாவிட்டால், அதைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். இது நிகர லாபத்துக்கான வரம்பு அன்று, மொத்த வரவுக்கானது. மாதத்துக்கு வகுத்தால் 43 யூரோ சொச்சம். 521 யூரோ வந்தால் ஒரு யூரோ மட்டும் மாட்டிக்கொள்ளாது, முழுத் தொகையும் கணக்குக்குள் வந்துவிடும். ‘தற்காலிகமாக’ என்ற சொல்லையும் மறந்துவிடக் கூடாது. காலவரையின்றித் தங்கும் நண்பர் மாதம் 40 யூரோ மட்டுமே தந்தாலும் இந்த விதி அவருக்காக எழுதப்பட்டதல்ல.

2023இல் செய்தி படித்தவர்களுக்கு இன்னொரு குழப்பம். அந்த ஆண்டு ஜெர்மன் அரசு கொண்டுவந்த வளர்ச்சி வாய்ப்புச் சட்ட மசோதாவில், ஆண்டுக்கு 1,000 யூரோ வரையிலான வாடகை வரவுக்கு வரி விலக்கு தரும் பிரிவு ஒன்று இருந்தது. தலைப்புச் செய்தியாக ஓடியது. 2024 மார்ச்சில் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பிரிவு அதில் இல்லை. இரு அவைகளின் சமரசப் பேச்சில் காணாமல் போயிருந்தது. போனது செய்தியாகவில்லை. ஆகவே ‘ஆயிரம் வரை ஃப்ரீ’ என்ற பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

520 யூரோ என்பது கேலிக்குரிய தொகை என்பதில் இந்தக் கட்டுரைக்கு மறுப்பே இல்லை. பிரிட்டனையும் அயர்லாந்தையும் பார்த்து ஜெர்மனி வெட்கப்படலாம். ஆனால் வரம்பு தாழ்வாக இருக்கிறது என்ற மனக்குறையை வைத்துக்கொண்டு வரம்பே இல்லை என்று நடந்துகொள்ள முடியாது.

4.

‘செலவைத்தானே பங்கு போடுகிறோம்’ என்பதற்கு ஒரே பதில், கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பதே. இதுதான் எதிர்த் தரப்பின் மிக வலுவான வாதம். வேடிக்கை என்னவென்றால், கணக்கைத் திறந்து போட்டால் பெரும்பாலும் அவர்களுக்குச் சாதகமாகவே முடிகிறது. மூடி வைப்பதால்தான் நஷ்டம்.

முதலில் வாடகை வீடு. 75 சதுர மீட்டர், எல்லாச் செலவும் சேர்ந்த வாடகை 1,200 யூரோ. நண்பரின் அறை 15 சதுர மீட்டர். சமையலறை, குளியலறை, நடைவழி சேர்ந்து 20. மீதி 40 வீட்டுக்காரர் வசம். வீட்டில் இருவர்தான் என்றால், பொதுவிடத்தில் பாதியைச் சேர்த்து நண்பரின் பங்கு 25 சதுர மீட்டர், அதாவது மூன்றில் ஒன்று. வாடகையில் 400 யூரோ அவருக்கான செலவு. நண்பர் 400 தந்தால் நிகர வருமானம் பூஜ்யம், வரியும் பூஜ்யம். 450 தந்தால் ஆண்டுக்கு மிஞ்சுவது 600 யூரோ.

அந்த 600க்கும் முழுசாக வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு ஜெர்மன் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. செலவு போக மிஞ்சும் பிற வருமானம் ஆண்டுக்கு 410 யூரோ வரை இருந்தால் வரியில்லை; 410இலிருந்து 820 வரை படிப்படியாக வரிக்குள் வரும். 820இலிருந்து 600ஐக் கழித்தால் 220. அந்த 220ஐ 600இலிருந்து கழித்து, மிச்சமுள்ள 380க்கு மட்டும் வரி. விளிம்பு வரி விகிதம் 35 சதவீதம் உள்ளவருக்குக் கிட்டத்தட்ட 133 யூரோ, அதுவும் ஓர் ஆண்டுக்கு. இதற்காகவா இத்தனை ரகசியம்?

சொந்த வீட்டுக்காரரின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியை ஜெர்மனியில் வரியில் கழிக்க முடியாது. கட்டடத் தேய்மானத்தையும் கழிக்க முடியாது. ஆனால் வீட்டின் ஒரு பகுதி வாடகைக்குப் போன மாத்திரத்தில், அந்தப் பகுதிக்குரிய வட்டி, தேய்மானம், நில வரி, காப்பீடு, சூடேற்றல், மின்சாரம் எல்லாம் வாடகை வருமானத்துக்கு எதிரான செலவுகளாகிவிடுகின்றன. நண்பரின் பங்கு வீட்டில் கால் பகுதி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 9,000 என்றால் 2,250. நிலத்தை நீக்கிய கட்டட மதிப்பு 2,40,000. ஆண்டுக்கு இரண்டு சதவீதத் தேய்மானம் 4,800. அதில் கால் பங்கு 1,200. இதரச் செலவு 4,800 என்றால் இன்னொரு 1,200. ஆக மொத்தம் 4,650 யூரோ கழியும். நண்பர் மாதம் 400 வீதம் ஆண்டுக்குத் தருவது 4,800. மிச்சம் 150 யூரோ. 410க்குள் அடங்கிவிட்டது, வரி ஒரு சென்ட் இல்லை.

‘பங்கீடு’ என்று வாயால் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கழிவுகள் எதுவும் கிடைக்காது. அதைவிட மோசம், அவர்களில் பலர் செலவைத் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். “மாசத் தவணையே 1,500, அவன் தர்றது அதுல கால்வாசிகூட இல்ல” என்பார்கள். தவணையில் ஒரு பகுதி வட்டி, இன்னொரு பகுதி அசல். அசலைத் திருப்பிக் கட்டுவது செலவாகாது. அது வீட்டை வீட்டுக்காரருக்கே சொந்தமாக்குகிறது. நண்பர் தரும் பணத்தில் அசல் அடைபடுகிறதென்றால், நண்பர் செலவைப் பங்குபோடவில்லை, வீட்டுக்காரரின் சொத்தை வளர்த்துக் கொடுக்கிறார். இதை வருமானம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நட்புக்காக வாடகையை மிகவும் தாழ்த்தி, ஊர் நிலவரத்தில் பாதிக்கும் கீழே கொண்டுபோனால், செலவையும் அதே விகிதத்தில்தான் கழிக்க முடியும். 500 யூரோ பெறும் அறையை 200க்குக் கொடுத்தால், மேலே சொன்ன 4,650இல் நாற்பது சதவீதம் மட்டுமே கணக்கில் நிற்கும். தாராள மனசு நல்லதுதான், ஆனால் அதற்கான மானியம் வரித்துறையிலிருந்து வராது.

5.

இணையருக்குச் சொன்ன தீர்ப்பை நண்பருக்கு நீட்டுவது கத்தியைத் தலைகீழாகப் பிடிப்பது. மியூனிக்கில் இருக்கும் கூட்டாட்சி நிதி நீதிமன்றம் 1996 ஜனவரி 30 அன்று ஒரு தீர்ப்பு சொன்னது. கல்யாணமாகாமல் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் இணையரில் ஒருவர், அந்த வீட்டின் பாதியை மற்றவருக்கு ‘வாடகைக்கு’ விட்டதாகக் காட்டிச் செலவுகளைக் கழிக்கப் பார்த்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இடையே போவது வீட்டுச் செலவுக்கான பங்களிப்பு, வாடகை அன்று என்றது.

‘பார்த்தீர்களா, நீதிமன்றமே வாடகை இல்லை என்கிறது’ என்று இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டைக் கவனிப்பதில்லை. அந்த வழக்கில் வரியைத் தவிர்க்கத் துடித்த வீட்டுக்காரரே இது வாடகைதான் என்று வாதாடினார், தோற்றதும் அவர்தான். தீர்ப்பின் அச்சாணி ஒரே குடித்தனம் என்பது. தனி அறை, தனி அலமாரி, தனிக் கணக்கு என்று வாழும் நண்பர் அந்த அச்சில் பொருந்தமாட்டார்.

பொருந்துவதாக அடம்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு, தனியாகக் குழந்தை வளர்க்கும் ஒரு தாயின் நிலையைப் பார்க்கலாம். தனிப்பெற்றோருக்கு ஜெர்மனி ஆண்டுக்கு 4,260 யூரோ கழிவு தருகிறது. சம்பளச் சீட்டில் இரண்டாம் வரிவகுப்பாகத் தெரிவது அதுதான். அவர் வீட்டில் இன்னொரு பெரியவர் முகவரி பதிந்திருந்தால், இருவரும் ஒரே குடித்தனம் என்று சட்டம் தானாகவே அனுமானித்துக்கொள்ளும், கழிவு போய்விடும். அந்த அனுமானத்தை உடைக்க முடியும். உடைக்கும் ஆயுதம் எது? ஒழுங்கான உள்வாடகை ஒப்பந்தமும் தனித்தனிக் கணக்கும். ‘வாடகையெல்லாம் இல்லை, தோழி, எல்லாம் பொதுச் செலவு’ என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும், 400 யூரோ வரவுக்கான சொற்ப வரியைத் தவிர்ப்பதற்காக 4,260 யூரோ கழிவைத் தன் வாயாலேயே இழக்கிறார்.

சமூக உதவித்தொகை பெறும் வீட்டில் இது இன்னும் கடுமையாகும். ஓராண்டுக்கு மேல் சேர்ந்து வாழும் இணையர் ஒருவரையொருவர் தாங்குகிறார்கள் என்று அந்தத் தொகையை வழங்கும் அலுவலகமான யோப்சென்டர் அனுமானிக்கச் சட்டம் இடம் தருகிறது. அறைத்தோழர் இணையர் அல்லர் என்று விளக்க வேண்டிய நாள் வந்தால், ‘எல்லாமே பொதுச் செலவு’ என்ற அதே பேச்சுதான் எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும்.

6.

கையில் ரொக்கமாக வாங்கினால் யாருக்குத் தெரியும்? நண்பருக்குத் தெரியுமே. நண்பர் கொலோனில் குடும்பத்தை வைத்துவிட்டு, மியூனிக்கில் வேலைக்காகத் திங்கள் முதல் வெள்ளி வரை தங்குகிறார் என்றால், இரட்டைக் குடித்தனச் செலவு என்ற தலைப்பில் மாதம் 1,000 யூரோ வரை தங்குமிடச் செலவை அவர் கழிக்கலாம். அவருக்கு அது ஆயிரக்கணக்கில் லாபம். கழிக்க ஆதாரம் வேண்டும். ஆதாரத்தில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்குத் தகவல் குறிப்பு அனுப்புவது ஜெர்மன் வரி நிர்வாகத்தில் அன்றாட வேலை. நண்பர் அந்த உரிமையை விட்டுத்தர வேண்டுமென்று எதிர்பார்த்தால், யாருக்கு யார் உதவி செய்கிறார் என்ற கேள்வி எழும்.

முகவரிப் பதிவு இன்னொரு தாள். 2015 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ள கூட்டாட்சிப் பதிவுச் சட்டப்படி, குடிவந்தவர் இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங் செய்ய வேண்டும். குடியிருப்பைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச்சான்றும் வேண்டும். உள்வாடகைக்குக் கொடுத்தவரும் குடியிருப்பைக் கொடுத்தவர்தான். இந்தச் சான்று தானாகப் போய் ஃபினான்ஸ்அம்டின் கதவைத் தட்டாது என்பது உண்மை. ஆனால் கேள்வி வரும் நாளில் தேதியோடு எடுத்துக்காட்ட ஒரு தாள் இருக்கிறது.

இதற்குப் பயந்து ‘தங்கு, ஆனால் பதியாதே’ என்பவர்கள் உண்டு. இந்தியாவிலிருந்து புதிதாக வந்த மாணவருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் வரி அடையாள எண் தபாலில் வராது. எண் இல்லாமல் பகுதிநேர வேலைக்குப் போனால் முதலாளி மிகக் கொடிய ஆறாம் வரிவகுப்பில் பிடித்தம் செய்ய நேரும். வதிவிட அனுமதிக்கும் முகவரி வேண்டும். வேறொரு நண்பர் வீட்டு முகவரியில் ‘சும்மா’ பதிந்துவிடச் சொல்வது அதைவிட ஆபத்து. குடியிருக்காதவருக்குப் போலி முகவரி கொடுத்தால் அபராதம் 50,000 யூரோ வரை போகலாம்.

அறையை ஏர்பிஎன்பி போன்ற தளத்தில் போட்டு, வருகிறவர்களை ‘நண்பர்கள்’ என்று சொல்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹாம்பர்க் வரிப் புலனாய்வுத் துறை அயர்லாந்து வழியாக அந்த நிறுவனத்தின் ஜெர்மன் வீட்டுக்காரர்கள் பற்றிய தரவுகளை 2020இல் பெற்றுவிட்டது. 2023 ஜனவரியிலிருந்து தளங்களே ஆண்டுதோறும் விவரம் அனுப்பச் சட்டம் வந்துவிட்டது.

7.

தங்கும் நண்பருக்கு இந்த நாடகத்தால் என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. வாடகைதாரர் என்ற நிலையை மறைத்ததால், தேவைப்படும் நாளில் அதை நிரூபிக்க அவரிடம் தாள் இருக்காது. வீட்டுக்காரருக்கும் நிம்மதி இல்லை. மனஸ்தாபம் வந்து ‘இந்த வார இறுதிக்குள் காலி செய்’ என்றால், வங்கிப் பரிமாற்றங்களைக் காட்டி நான் வாடகைதாரர் என்று நண்பர் நிற்கலாம். வீட்டுக்காரர் தானும் வசிக்கும் வீட்டில் தளவாடங்களோடு கொடுத்த அறை என்றால் பாதுகாப்பு குறைவு; மாதத்தின் 15ஆம் தேதிக்குள் சொல்லி மாத முடிவில் காலி செய்யவைக்கலாம். தளவாடம் இல்லாத அறையானால், காரணம் சொல்லாமலே வெளியேற்ற வழியுண்டு, ஆனால் வழக்கமான அறிவிப்புக் காலத்தோடு மூன்று மாதம் கூடும். எப்படியானாலும் பூட்டை மாற்றிவிட்டுப் பெட்டியை வெளியே வைக்கச் சட்டம் அனுமதிக்காது. வரிக்காக ‘வாடகை இல்லை’ என்று சொன்னவர், அறிவிப்புக் காலம் குறைய வேண்டும் என்று அதே வாடகைச் சட்டத்தைத் தேடி ஓடுவதைப் பார்க்கலாம்.

வீட்டுக்காரரே வாடகைக்கு இருப்பவரானால், உரிமையாளரின் அனுமதி இன்னொரு பிரச்சினை. வீட்டின் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விட நியாயமான தேவை பின்னால் எழுந்தால் அனுமதி கேட்கும் உரிமை குடிமைச் சட்டத்தில் இருக்கிறது. கேட்காமல் விட்டால் சொந்த வாடகை ஒப்பந்தமே ஆட்டம் காணலாம்.

8.

கணக்கில் காட்டினால் வீட்டை விற்கும்போது மாட்டிக்கொள்வோம் என்பது மட்டும் பதில் சொல்லத்தக்க பயம். வீட்டை வாங்கிப் பத்தாண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு வரி உண்டு; தானே குடியிருந்த வீட்டுக்கு விலக்கு. ஒரு பகுதியில் வேறொருவர் இருந்திருந்தால்? 2022 ஜூலை 19 அன்று கூட்டாட்சி நிதி நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரு தம்பதி 2011இல் வாங்கிய வரிசை வீட்டை 2017இல் விற்றார்கள். இடையில் மாடி அறைகளை வணிகக் கண்காட்சிக்கு வரும் விருந்தினர்களுக்கு ஆண்டுக்கு 12 முதல் 25 நாட்கள் மட்டும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த அறைகளின் பரப்புக்குரிய லாபத்துக்கு வரி உண்டு என்றது நீதிமன்றம். சில நாட்கள்தானே என்ற சலுகைக்கு இடமில்லை என்றும் சொன்னது.

இது கடுமையான தீர்ப்பு, ஒருவேளை கொஞ்சம் அதிகப்படியான தீர்ப்பு. ஆனால் இதிலிருந்து ‘ஆகவே மறைப்போம்’ என்ற முடிவுக்கு வருவது தர்க்கப் பிழை. விற்பனை லாபத்துக்கான வரி, அறையைப் பிறருக்கு விட்ட செயலிலிருந்து பிறக்கிறது. படிவத்தில் எழுதியதாலோ எழுதாததாலோ அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மறைத்தவர் அதே வரிக்குக் கடன்பட்டவர்தான். கூடுதலாக, ஆண்டுதோறும் கழித்திருக்கக்கூடிய வட்டியையும் தேய்மானத்தையும் இழந்தவர். பத்தாண்டுக்குள் விற்கும் எண்ணம் உள்ளவர் அறையை விடுவதா வேண்டாமா என்று முன்கூட்டியே யோசிக்கலாம். அந்த யோசனைக்கு இந்தத் தீர்ப்பு உதவும், மறைப்புக்கு உதவாது.

9.

இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தாகிவிட்டது, இனி எதற்கு என்பது கடைசி அரண். சாதாரணமாக வரி நிர்ணயிக்கும் காலம் நான்கு ஆண்டு. கவனக்குறைவால் குறைத்துக் காட்டியிருந்தால் ஐந்து, ஏய்ப்பு என்றால் பத்து. ஏய்த்த தொகைக்கு மாதம் அரை சதவீத வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். அறியாமல் விட்டவர், தவறு தெரிந்தவுடன் தாமதிக்காமல் திருத்தித் தர வேண்டும் என்று வரி நடைமுறைச் சட்டத்தின் 153ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்தே விட்டவருக்கு அதே சட்டத்தின் 371ஆம் பிரிவில் தானே முன்வந்து அறிவிக்கும் வழி இருக்கிறது. அதற்கு நிபந்தனைகள் கறாரானவை: குறைந்தது கடந்த பத்து ஆண்டுகளின் கணக்கும் முழுதாக வர வேண்டும், அலுவலகம் கண்டுபிடிப்பதற்கு முன் வர வேண்டும், பாதி சொல்லிப் பாதி மறைத்தால் பாதுகாப்பு கிடையாது. புதிதாகக் கணக்குக் காட்டத் தொடங்குகிறவர், சம்பளக்காரராக இருந்து ஆண்டு வாடகை வரவு 18,000 யூரோவுக்குள் இருந்தால், குறைந்த சந்தாவில், சம்பளக்காரர்களுக்கு வரிக் கணக்கில் உதவும் லோன்ஸ்டாய்யர்ஹில்ஃப சங்கத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். பழைய ஆண்டுகளைத் தோண்ட வேண்டியவர் மட்டும் வரி ஆலோசகரிடம் போக வேண்டும். போகும்போது நண்பர் என்றைக்குக் குடிவந்தார், எவ்வளவு தந்தார், வீட்டின் பரப்பு என்ன, வட்டிச் சான்று எங்கே என்ற நான்கையும் கையோடு எடுத்துப் போனால் முதல் சந்திப்பிலேயே கணக்குத் தொடங்கிவிடும்.